கறுப்பு ஜன்னலுக்கு வந்த கைராசிக்காரர்

வியாழக்கிழமை என்றால் காலை ஏழே முக்காலுக்கே ஔரா ஆற்றங்கரை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் வரிசை நின்றுவிடும். எல்லார் கையிலும் மடிக்கணினி. எல்லார் முகத்திலும் பக்தி. பின்லாந்தின் துர்க்கு நகரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற வரிசையில் ஆளுக்கு ஆள் இரண்டடி இடைவெளி இருக்கும், யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இந்த வரிசையில் மட்டும் பேச்சு ஓய்ந்ததில்லை.

"போன வாரம் கை வச்சாரு. கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள சரியாயிடுச்சு."

"என்னோடதுக்குக் கை வைக்கவே இல்லை. பக்கத்துல வந்து நின்னாரு, அவ்வளவுதான்."

கீழ்த்தளத்துக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பக்கத்து ஊரான நான்தாலியிலிருந்து பஸ் பிடித்து ஒரு பல் வைத்தியர்கூட வந்திருந்தார். அவருடைய கணினிக்கு ஒரு கோளாறும் இல்லை. இருந்தாலும் வருமுன் ஒருமுறை கை வைத்துக்கொள்வது நல்லதுதானே என்றார். பல் வைத்தியர் வேறு எப்படிப் பேசுவார்?

கை வைக்கிறவர் பெயர் டெர்ஹோ. சாம்பல் தாடி, கம்பளிச் சட்டை, கழுத்தில் ஒரு மரமணி. முதலாளியையே 'நீ' என்று கூப்பிடுகிற அலுவலகம் அது. டெர்ஹோவை மட்டும் எல்லாரும் 'நீங்க' என்றார்கள். பாதிப் பேருக்கு அந்த மரியாதையைப் பேசிப் பழக்கமே இல்லை, நாக்கு சுளுக்கிக்கொண்டது.

சுற்றியுள்ள தீவுகளுக்கெல்லாம் படகு நேர அட்டவணை போடுகிற அலுவலகம் அது. அட்டவணையை உருவாக்குகிற வேலை, படம் எதுவும் இல்லாத ஒரு கறுப்பு ஜன்னலில் நடக்கும். கட்டளையைத் தட்டினால் கணினி செய்யும். ஆனால் அந்த ஜன்னல் திறக்கும்போதே கணினி ஒரு குறிப்பைப் படித்துக்கொள்ளும்: கருவிகள் எங்கே இருக்கின்றன, எந்தச் சுருக்கப் பெயருக்கு என்ன பொருள் என்று எழுதிவைத்த ஒரு சாதாரணக் கோப்பு. புதிதாக வேலைக்கு வந்த சமையல்காரருக்காக அடுப்புக்கு மேலே 'உப்பு இரண்டாவது தட்டில்' என்று ஒட்டிவைப்பார்களே, அதைப் போன்றது. அதற்குத் தொடக்கக் குறிப்பு என்று பெயர்.

மார்ச் மாதம் புதுக் கணினிகள் வந்தன. மறுநாளே ஒருவருக்கும் கட்டளை வேலை செய்யவில்லை. 'அப்படி ஒரு கருவி இல்லை' என்றது கணினி. காரணம் அற்பம். பழைய கணினிகள் ஒரு பெயருள்ள கோப்பைப் படித்தன. புதியவை வேறொரு பெயருள்ள கோப்பைப் படித்தன. பழைய கோப்பில் எழுதியிருந்ததெல்லாம் அங்கேயே படிக்க ஆளில்லாமல் கிடந்தது. புதுக் கோப்பில் 'பழையதையும் படி' என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

இதை ஹில்ப்பா அலுவலகக் கையேட்டில் பதினான்காம் பக்கத்தில் எழுதியிருந்தாள். கையேடு எழுதுவதுதான் அவள் வேலை. ஐம்பத்து நான்கு வயதில் அவள் கற்றுக்கொண்ட ஒரே உண்மை, கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பது. அந்த வாரம் அவள் விடுமுறையில் வடக்கே லாப்லாந்தில் பனிச்சறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது அலுவலகத்தில் கடவுள் குடியேறியிருந்தார்.

தலைவி கூனில்லா யாரோ சொன்னதைக் கேட்டு டெர்ஹோவை வரவழைத்திருந்தாள். டெர்ஹோ, எல்லாருக்குமான தொடக்கக் குறிப்பு இருந்த பொதுக் கணினிக்கு அவளுடைய கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கினார். எல்லாரையும் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். "இயந்திரம் கூச்சப்படும்" என்றார். பட்டம் பெற்ற பதினேழு பேர் ஆற்றைப் பார்த்து நின்றார்கள். சிறிது நேரம் விசைப்பலகை தட்டும் சத்தமும் முனகலும் கேட்டன. திரும்பினால் எல்லாம் வேலை செய்தது.

எல்லாவற்றையும் சரிசெய்தது அந்த ஒரே வரிதான். ஆனால் ஒரு வரி எழுதினேன் என்று சொன்னால் யார் வரிசையில் நிற்பார்கள்? இயந்திரத்துக்குள் தேங்கியிருந்த பாரத்தை உள்ளங்கை வழியாக இழுத்துவிட்டேன் என்றார். ஆளுக்கொரு ஜூனிபர் மரக் குச்சி கொடுத்துக் கணினிக்கு அடியில் வைக்கச் சொன்னார், ஒன்று பதினெட்டு யூரோ. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டுக்குப் போனால் சும்மா ஒடித்துக்கொள்ளலாம். ஆனால் அது டெர்ஹோ கை பட்ட குச்சி ஆகாது. கடைசியாக ஒரு விதியும் போட்டார்: "அந்தக் குறிப்புக் கோப்பை யாரும் தொறந்து பாக்கக் கூடாது. பாத்தா பாரம் திரும்ப வந்துடும்."

பாரம் திரும்ப வந்தது. அடுத்த புதன்கிழமை வந்தது. அதற்கடுத்த புதன்கிழமையும் வந்தது. ஜன்னலைத் திறந்தால் வெற்றுக் கறுப்பாய் நாற்பது நொடி நிற்கும். ஒருநாளைக்கு முந்நூறு முறை திறக்கிறவர்களுக்கு அது அரைநாள் வேலையை விழுங்கும். வியாழக்கிழமை காலை டெர்ஹோ வருவார், கை வைப்பார், சரியாகிவிடும். பிறகு, அந்த ஊர் வியாழக்கிழமை வழக்கப்படி, பட்டாணி சூப்பும் அப்பமும் சாப்பிட்டுவிட்டுப் போவார். தான் கை வைக்கும்வரை வியாழனன்று யாரும் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பதும் விதி.

நான்காவது வியாழன் டெர்ஹோ கண்ணை மூடி, மூக்கை உறிஞ்சி, காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"புதன்கிழமைல இந்த இயந்திரங்களை யாரு முதல்ல தொடுறது?"

எல்லார் தலையும் ரைமோ பக்கம் திரும்பியது. புதன்தோறும் விடியற்காலையில் வந்து கணினிகளில் உள்ளதைப் பிரதி எடுத்து வைப்பது ரைமோவின் வேலை. இருபத்திரண்டு வருடமாகத் தீவுகளுக்கு அட்டவணை போடுகிறவன். எந்தத் தீவில் எந்தக் கிழவி எந்தப் படகில் மருந்து வாங்க வருவாள் என்பதுவரை அவனுக்குத் தெரியும். வருடத்துக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம்.

"இவன் கை கனமான கை" என்றார் டெர்ஹோ. "பாவம், அவன் என்ன பண்ணுவான். பிறவி அப்படி."

மறுநாளே ரைமோவின் மேசை நிலவறைக்கு, சைக்கிள்கள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் போனது. கணினி கிடையாது. காகிதமும் பென்சிலும். கூட வேலை செய்கிற மைலிஸ், பத்து வருடம் அவனோடு ஒரே மேசையில் காப்பி குடித்தவள், அவன் கோப்பையை எடுத்துத் தனியாக வைத்தாள். "தப்பா நெனச்சுக்காத ரைமோ. இது அறிவியல் மாதிரிதான்" என்றாள்.

ஏப்ரல் கடைசிப் புதன்கிழமை ஹில்ப்பா நிலவறைக்குப் போனாள். ரைமோ ஒரு கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தான்.

"என்னது அது?"

"வேலையை விடுறேன். நாளைக்கு சூப்பு முடிஞ்சதும் கூனில்லாகிட்ட குடுக்கணும்."

"உன் கைல கனம் இருக்குன்னு நீயே நம்புறியா?"

ரைமோ தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "புதன்கிழமைதானே வருது. நான் தொட்ட அன்னைக்குத்தானே வந்துச்சு; இப்ப தொடாமலே வருது, நான் கட்டடத்துல இருந்தாலே போதும். என் தலையெழுத்து போல."

ஹில்ப்பாவுக்கு வந்த கோபத்தில் அவள் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். ஆனால் மாடிக்கு வந்ததும் கோபத்துக்கு நடுவே ஒரு சந்தேகம் உதித்தது. எந்த நோய் நாள்காட்டி பார்த்து வரும்?

வியாழன் காலை ஆறரைக்கு, விதியை மீறி, யாரும் வருமுன் அவள் ஜன்னலைத் திறந்தாள். பட்டென்று திறந்துகொண்டது. டெர்ஹோவின் உள்ளங்கை அப்போது தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

மடிக்கணினியின் தேதியை ஒருநாள் பின்னுக்குத் தள்ளிப் புதன் என்று வைத்தாள். திறந்தாள். நாற்பது நொடி.

தொடக்கக் குறிப்பு எதையும் படிக்காமல் திற என்று கட்டளையிட்டாள். அதே புதன். பட்டென்று திறந்தது.

ஆக, பாரம் குறிப்பில்தான் இருக்கிறது. எல்லாருடைய கணினியும் படிக்கிற பொதுக் குறிப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி பார்த்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்த வரிகள்தான். ஒரு நிமிடம், ஒருவேளை நான்தான் முட்டாளோ என்று தோன்றியது. பகுத்தறிவுக்காரர்களுக்கும் அந்த ஒரு நிமிடம் வரும். வித்தியாசம் இதுதான்: அவர்கள் அந்த நிமிடத்தில் குச்சி வாங்கப் போகமாட்டார்கள்.

அவள் கணினியிடம், படிக்கிற ஒவ்வொரு வரியையும் திரையில் சொல்லிக்கொண்டே செய் என்றாள். கணினி வரிவரியாய் ஒப்பித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றது. நின்ற வரியைப் படித்துவிட்டு ஹில்ப்பா தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

எட்டு மணிக்கு டெர்ஹோ வந்தார். வரிசை ஒழுங்காக நின்றது. ஹில்ப்பா தன் மடிக்கணினியோடு முதல் ஆளாய் நின்றாள். திரையில் தெரிவது கூட்டத்துக்கும் தெரியும்படி சுவரில் இருந்த பெரிய திரையோடு இணைத்திருந்தாள்.

"என்னோடது ரொம்ப முத்திப்போச்சு. கொஞ்சம் பாருங்க" என்றாள்.

ஜன்னல் திறந்தது. கறுப்பு. நாற்பது நொடி. கூட்டம் உச்சுக்கொட்டியது. டெர்ஹோ உள்ளங்கையை வைத்தார், முனகினார், கையை உதறினார். "இப்ப தொற."

நாற்பது நொடி.

இன்னொரு முறை கை வைத்தார். இந்த முறை இரண்டு கை. நாற்பது நொடி. நெற்றியில் வியர்வை பூத்தது.

"அந்தக் கனமான கைக்காரன் இந்தக் கட்டடத்துலதான் இருக்கான். அவன் இருக்கிறவரைக்கும் என்னால முடியாது."

"அப்ப அவனையே கூப்பிடலாம்" என்ற ஹில்ப்பா, படிக்கட்டருகே தயாராக நிறுத்தியிருந்த ரைமோவைக் கைகாட்டி அழைத்தாள். வரிசை தானாகப் பிளந்து வழிவிட்டது, மரியாதையால் அல்ல. "ரைமோ, நீ கை வை."

"ஹில்ப்பா, வேணாம்."

"வைப்பா. கணினி கடிக்காது."

ரைமோ அடுப்பைத் தொடுகிறவன்போல விரல்நுனியை வைத்தான்.

"எல்லாரும் பாத்துக்குங்க. இந்தத் தடவை யாரும் ஆத்தைப் பாக்க வேணாம். என் கணினில தேதி புதன்னு இருக்கு. நான் வியாழன்னு மாத்துறேன். வேற எதையும் தொடலை." மாற்றினாள். "ரைமோ, தொற."

பட்டென்று திறந்தது.

"திரும்பப் புதன்." நாற்பது நொடி. "வியாழன்." பட்டென்று. "இப்ப யாருமே கை வைக்கலை, பாருங்க." பட்டென்று.

மைலிஸ் மெதுவாகக் கேட்டாள்: "அப்படின்னா ரைமோவுக்கும் சக்தி இருக்கா?"

"மைலிஸ், கொஞ்சம் சும்மா இரு" என்றாள் ஹில்ப்பா. தேதியைப் புதனுக்கு மாற்றி, வரிகளைச் சொல்லிக்கொண்டே செய்யும்படி கட்டளையிட்டாள். பெரிய திரையில் வரிகள் ஓடி வந்து ஒன்றில் நின்றன. அதை அவள் சத்தமாகப் படித்தாள்: "இன்று புதன்கிழமை என்றால், நாற்பது நொடி காத்திரு."

கீழே ஆற்றில் ஒரு படகு ஊதிக்கொண்டு போனது.

"நான் அந்தக் கோப்பைத் தொறந்து பாத்தேனே" என்று பின்னாலிருந்து ஒருவர் உளறிவிட்டார். "அதுல இப்படி ஒன்னும் இல்லையே."

"இருக்கு. ஒரு சாதாரண வரியோட கடைசில இருநூறு வெற்றிடம் விட்டு, வலது பக்கம் திரைக்கு வெளியே எழுதியிருக்கு. நகத்தி நகத்திப் போனாத்தான் தெரியும். மார்ச் இருபதாம் தேதி மதியம் ரெண்டு பத்துக்கு, கூனில்லாவோட கடவுச்சொல்லுல எழுதினதுன்னு கணினியிலேயே பதிவாகியிருக்கு. அன்னைக்கு ரெண்டு பத்துக்கு நீங்க எல்லாரும் எதைப் பாத்துக்கிட்டு நின்னீங்க?"

எல்லாருக்கும் ஆறு நன்றாக ஞாபகம் இருந்தது.

டெர்ஹோ தாடியைத் தடவினார். "என் கை வழியா வேற ஏதோ சக்தி எழுதியிருக்கலாம். எனக்கே தெரியாம."

"இருநூறு வெற்றிடத்தையும் எண்ணி விட்ட சக்தி" என்றாள் ஹில்ப்பா.

கூனில்லா முன்னால் வந்தாள். முகம் பீட்ரூட் சூப்பு நிறத்தில் இருந்தது. "டெர்ஹோ," என்றாள், "நீ வாங்கின குச்சிக் காசை இங்க வை. நான் போலீசுக்குப் பேசுறேன். நீ அதுவரைக்கும் அந்த நாற்காலில உக்காரு."

'நீங்க' போயிற்று. இந்தக் கதையும் கொடுத்த மரியாதையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது: டெர்ஹோ உட்கார்ந்தான். பல் வைத்தியர் முதல் ஆளாகப் போய்த் தன் பதினெட்டு யூரோவைக் கேட்டார்.

ரைமோ மறுபடி கையைக் கணினி மேல் வைத்துப் பார்த்தான். "தலையெழுத்துன்னு நெனச்சேன்" என்றான்.

"எழுத்துதான். எழுதினவன் அதோ உக்காந்திருக்கான்."

அவன் சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தான். கூனில்லா அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். எல்லார் முன்னிலும் கேட்டாள், அந்த அளவுக்கு அவளைப் பாராட்டலாம். அன்று மதியமே பதினேழு பேரும் அவன் மேசையை நிலவறையிலிருந்து தூக்கி வந்தார்கள். மைலிஸ் அவனுக்கு இரண்டு அப்பம் எடுத்துவைத்தாள். அவன் அவளைப் பார்த்து, "தொட்டுட்டியே, கை கழுவிக்க" என்றான். இருபத்திரண்டு வருடத்தில் அவன் சொன்ன முதல் கிண்டல் அது. சிரித்துச் சிரித்து மைலிஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பினால் மட்டும் அல்ல. கோடைகால அட்டவணை மே முதல் தேதிக்கு ஒருநாள் முன்பே தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் மனிதர்கள் அப்படி முடிக்க விடமாட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து மைலிஸின் கறுப்பு ஜன்னல் நிஜமாகவே திறக்க மறுத்தது. அவள் ஒரு தட்டில் காப்பியும் இனிப்பு பன்னும் ஏந்திக்கொண்டு ஹில்ப்பாவின் மேசைக்கு வந்தாள். பின்னால் இன்னும் நாலு பேர் கணினியோடு.

"ஹில்ப்பா, நீங்க வந்து ஒரு தடவை கை வச்சீங்கன்னா போதும்."

'நீங்க' என்றதும் ஹில்ப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பன்னை வாங்கிக்கொண்டாள். மைலிஸைப் பிடித்து உட்கார வைத்து, அவளுடைய தொடக்கக் குறிப்பை அவளையே திறக்கச் சொன்னாள், அவளையே படிக்கச் சொன்னாள். ஏழாவது வரியில், முந்தின நாள் மைலிஸே எழுதிய வரியில், மேற்கோள்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டிருந்தாள். மூடினாள். ஜன்னல் திறந்தது. மைலிஸ் தன் இரண்டு கையையும் பார்த்தாள்.

"கையைப் பாக்காத," என்றாள் ஹில்ப்பா, "கண்ணாலதான் கண்டுபிடிச்சே."

பிறகு வரிசையில் நின்ற நாலு பேரிடமும் சொன்னாள்: "முன்னாடி எவனோ எழுதி வச்சதைத் தெனம் காலைல ஏன்னு கேக்காம அப்படியே செய்யுது இது. இதைக் கோவிச்சுக்க முடியாது, இது இயந்திரம். உங்களுக்கு என்ன கேடு?"