பங்களாவுக்குப் போன கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரைத் திறந்ததும் உள்ளே எலிக்கூடு இருந்தது.

எலிகள் எப்போதோ போய்விட்டிருந்தன. கூடு மட்டும் இருந்தது. பஞ்சு, சாக்கு நார், அச்சுத் தாளின் ஓரத்தில் கிழித்துப் போடும் துளைவரிசை. தங்கவேலு எல்லாவற்றையும் எடுத்து ஒரு பழைய தினசரியின் மேல் வைத்தார்.

அவர் தேயிலை எஸ்டேட்டின் கிளார்க். அது எஸ்டேட்டின் முதல் கம்ப்யூட்டர். வந்த நாளில் அதற்குக் குங்குமம் வைத்தவர் அவர். மழைக்காலந்தோறும் அது நின்றுபோகும்போது குன்னூருக்குச் சுமந்து போனவரும் அவர். அதைக் குடோனில் போட்ட அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்.

இப்போது அதை மறுபடி ஓட வைக்க வேண்டும். முதலாளியின் மருமகள் மனிஷா பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றியிருந்தாள். வரவேற்பறையில் கணப்புக்குப் பக்கத்தில் அதை வைக்கப் போகிறாள்.

"சிட்டியில இதுக்குப் பெரிய கிரேஸ் அங்கிள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, ஃப்ளாப்பி போடற சத்தம். பார்த்து அழறவங்க இருக்காங்க."

"நானும் அழுதிருக்கறனுங்க மேடம்."

"சனிக்கிழமை முதல் குரூப் வருது. அதுக்குள்ள ரெடி பண்ணிடுங்க."

"என்ற லீவுங்க மேடம்?"

"இது முடியட்டும். அப்புறம் தாராளமா போங்க."

ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் அவர் மகள் கலைமதிக்கு வளைகாப்பு. அவளுடைய நிச்சயதார்த்தம் இலை அதிகம் வரும் பருவத்தில் வந்தது. லீவு கிடைக்கவில்லை. அந்தப் போட்டோவில் அவர் நிற்க வேண்டிய இடத்தில் மச்சினன் நிற்கிறான். இந்த முறை அப்படி ஆகக்கூடாது என்று மனைவி கோகிலவாணி சொல்லிவிட்டுத்தான் முன்னால் கிளம்பிப் போயிருந்தாள்.

தங்கவேலு மெமரித் துண்டைக் கழற்றினார். அதன் பித்தளைப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தார். திரும்ப மாட்டி ஸ்விட்சைப் போட்டார். உள்ளே விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

ஃபேக்டரியில் ட்ரையர் பார்க்கும் ஒச்சப்பன் ஆபீஸுக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஈரம், கிளார்க்கய்யா. இந்த ஊர்ல எதைத் தெறந்தாலும் ஈரந்தான். தொட்டியில போட்டுருங்க."

தொட்டி என்றால் ஃபேக்டரியின் மேல்மாடியில் பச்சை இலையை வாட்டும் நீளத் தொட்டி. கம்பி வலைக்கு அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்று வரும். மழைக்காலத்தில் எஸ்டேட்டே அங்கேதான் காயும். பள்ளிச் சீருடை, கம்பளி, காலுறை. மேனேஜரின் ஷூ கூட ஒரு மூலையில் இருக்கும். அதனால் தங்கவேலுவுக்கு அந்த யோசனையில் தவறு எதுவும் தெரியவில்லை. மதர்போர்டைக் கழற்றி எடுத்துப்போய் ஓரத்துத் தொட்டியின் வலைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது மதிய இலை வந்திருந்தது. எல்லாத் தொட்டியிலும் பரப்பியிருந்தார்கள்.

"எந்தத் தொட்டியில வெச்சீங்க?" என்றான் ஒச்சப்பன்.

"ஓரத்துத் தொட்டி."

"ரெண்டு பக்கமும் ஓரம் இருக்குய்யா."

இருவரும் முழங்கை வரை கையை இலைக்குள் விட்டுத் துழாவினார்கள். முதல் ஓரத்தில் ஒரு குழந்தையின் காலுறை கிடைத்தது. மறு ஓரத்தில் மதர்போர்டு கிடைத்தது. அதனோடு வைத்திருந்த திருகாணிகளில் ஒன்று கிடைக்கவில்லை.

"விடுங்கய்யா. கீழ தூள் சலிக்கிற எடத்துல காந்தம் இருக்கு, மாட்டிக்கும்."

"மாட்டலைன்னா?"

"எவனாவது சர்க்கரை கரையலைன்னு கலக்கிக்கிட்டே இருப்பான்."

வெள்ளிக்கிழமை மதர்போர்டைத் திரும்பப் பொருத்தினார். பச்சை இலை வாசனை அடித்தது. ஸ்விட்சில் கை வைத்தபோது போன் வந்தது.

"ஏனுங்க, நாளைக்குப் பொழுதோட வந்துருவீங்கல்ல?" என்றாள் கோகிலவாணி.

"வந்தர்றேன். ஆச்சு, முடிஞ்சுது."

ஸ்விட்சைப் போட்டார். கம்ப்யூட்டரின் பின்பக்கம் டப்பென்றது. புகை வந்தது.

"என்ன சத்தமுங்க அது?"

"முடிஞ்சுதுன்னு சொன்னனல்ல."

பின்பக்கம் இருந்த பவர் பெட்டி கருகியிருந்தது. அந்த மாடல் குன்னூரில் கிடைக்காது. கோயம்புத்தூரில் கிடைக்கலாம், திங்கட்கிழமை. தங்கவேலு தன் மேஜையைப் பார்த்தார். அதன்மேல் ஆபீஸின் இப்போதைய கம்ப்யூட்டர் இருந்தது. அதுவும் பழசுதான். ஆனால் ஓடுகிற பழசு. யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு அதைத் திறந்தார். அதன் பவர் பெட்டியை எடுத்து இதில் வைத்தார். பொருந்தியது.

திரையில் பச்சை எழுத்துகள் ஏறின. உள்ளே பேட்டரி செத்திருந்ததால் தேதி ஜனவரி 1980 என்று காட்டியது. அந்த வருஷம் தான் எங்கே இருந்தோம் என்று தங்கவேலு ஒரு கணம் யோசித்தார். ஊத்துக்குளியில் இருந்தார். லீவு கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை அதை ஜீப்பில் ஏற்றி, மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, பங்களாவுக்குக் கொண்டுபோனார். வைத்து முடித்ததும் ஹெட் ஆபீஸிலிருந்து போன். இந்த வாரத்து இலை எடை இன்றைக்கே வேண்டும்.

"மேடம், இதுல இருக்கற பவர் பெட்டி ஆபீஸ் கம்ப்யூட்டரோடதுங்க. கொஞ்ச நேரம் கழட்டி அங்க மாட்டி, எடையைப் போட்டுட்டு..."

"ஐயோ, கெஸ்ட் எல்லாம் பாதி வழி வந்தாச்சு அங்கிள். அந்த எடை புரோகிராம் இதுல இல்லையா?"

"இருக்குதுங்க. முன்ன இதுலதான் போடுவேன்."

"அப்ப இங்கேயே உக்காந்து போடுங்க. பிரமாதம்."

"நடுவுல நின்னு போனா?"

"நின்னா நிக்கட்டும். நீங்க பாட்டுக்குத் தட்டிட்டே இருங்க."

இத்தனை வருஷத்தில் இந்தக் கம்ப்யூட்டர் நின்றால் பரவாயில்லை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. தங்கவேலு கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போய் ஷேவ் பண்ணிட்டு வந்தர்றனுங்க."

"வேண்டாம் அங்கிள். இதே ஸ்வெட்டர், இதே மஃப்ளர். அப்படியே இருங்க."

மேஜையைச் சுற்றி நாலு பித்தளைத் தூண் வைத்துச் சிவப்புக் கயிறு கட்டச் சொன்னாள். யாரும் கம்ப்யூட்டரைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக இருக்கும் என்று தங்கவேலு நினைத்தார். கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தார்.

விருந்தினர்கள் வந்தார்கள். புதுக் குல்லாய்கள் போட்டிருந்தார்கள். கயிற்றோரம் நின்று பார்த்தார்கள். யாரும் அழவில்லை.

"நிஜமாவே டைப் பண்றாரு பாரு," என்றார் ஒருவர்.

"பேசலாமா?" என்று ஒரு பெண் மனிஷாவிடம் கேட்டாள்.

"பேசலாம். ஃப்ளாஷ் மட்டும் போடாதீங்க."

பழைய திரைக்கு வெளிச்சம் ஆகாது போலிருக்கிறது. தங்கவேலு எடையைப் போட்டுக்கொண்டே வந்தார். தோட்டத்தின் மூன்றாவது பிரிவுக்கு வந்தபோது கம்ப்யூட்டர் நின்றது. அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். ஓடியது. கைதட்டினார்கள். பழைய பிரிண்டர் கிர்ரென்று தாளைத் துப்பியபோது மறுபடி கைதட்டினார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோதும் தட்டினார்கள். அது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

சாயந்தரம் விருந்தினர்கள் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். எடை போய்ச் சேர்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பங்களாவின் சமையல்காரரைக் கூப்பிட்டு, எந்த ஸ்விட்சைப் போட வேண்டும், நின்றால் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று காட்டினார். கயிற்றைத் தாண்டினார். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

விருந்தினர்களைக் கூட்டிவந்த வேன் அங்கே நின்றது. டிரைவர் ஆண்ட்ரூ, கூடலூர்க்காரர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குன்னூர் பக்கம் போறீங்களா?"

"டீசல் அடிக்கப் போறேன் சாரே. வா, கேறிக்கோ."

"பஸ் ஸ்டாண்டுல விட்டாப் போதுமுங்க. திருப்பூர் போகோணும். நாளைக்குப் புள்ளைக்கு வளைகாப்பு."

ஆண்ட்ரூ கதவைத் திறந்தார். அப்போதுதான் தங்கவேலுவின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். பிறகு மஃப்ளரைப் பார்த்தார். திறந்த கதவை மெதுவாகச் சாத்தினார்.

"என்னாச்சுங்க?"

"நீங்க உள்ள இருக்கற ஆளல்லவா?"

"ஆமாங்க. இனி நான் வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் நல்லா ஓடுது."

ஆண்ட்ரூ துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கம்ப்யூட்டரை யாரு கேட்டா சாரே, பழைய எஸ்டேட் கிளார்க்கை உசுரோட காட்டறோம்னு சொல்லித்தானே சீசன் முடியற வரைக்கும் டிக்கெட் வித்து வெச்சிருக்காங்க."