புற்றில் முட்டிய மாப்பிள்ளை

விவசாயம் படித்தவனுக்கும் விவசாயிக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். படித்தவன் வயலில் இறங்குவதில்லை. இதை நான் தைரியமாகச் சொல்லலாம். அறுபதுகளில் சான்றிதழோடு மருங்காபுரிக்கு மாப்பிள்ளையாகப் போனவன் நான்.

மாமனாருக்கு அங்கே ஐந்து ஏக்கர் மேய்ச்சல் நிலம். கவனிப்பாரில்லாமல் புல்லும் முள்ளும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தன.

"ஆடி பிறக்கறதுக்குள்ள சுத்தம் பண்ணிடுங்க மாப்பிள்ளை. இல்லேன்னா குத்தகைக்கு விட்டுடுவேன்" என்றார்.

என் மனைவி தனம் அந்த நிலத்தை நம்பித்தான் மாட்டுப் பண்ணைக் கனவு கண்டுகொண்டிருந்தாள். குத்தகை என்றதும் அவள் முகம் வாடிவிட்டது. நான் மார்தட்டினேன். மாமனாரிடம் டிராக்டர் இருக்கிறது. பின்னால் மாட்ட ஒரு புல்வெட்டும் கருவி வாங்கினால் போயிற்று!

திருச்சிக் கடைவீதியில் டிராக்டர் சாமான் விற்கும் பாய் ஒருவர் இரண்டைக் காட்டினார். ஒன்று, முடிவெட்டும் மிஷின் மாதிரி வரிசையாகப் பல் வைத்த நீளத் தகடு. மற்றது கவிழ்த்த அண்டா மாதிரி ஒரு கூடு. அடியில் இரண்டு தடித்த கத்திகள் சுழலும், கல்லில் பட்டால் மடங்கிக்கொள்ளும். நான் இரண்டையும் பார்க்கவில்லை, விலைப்பட்டியலில் இருந்த படத்தைத்தான் பார்த்தேன். தொப்பி வைத்த ஒரு துரை, கம்பளம் விரித்தது போன்ற புல்வெளியில் பல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். (அந்தத் தொப்பிதான் என்னைக் கெடுத்தது.)

"தம்பி, அந்தப் படத்துல எங்கயாச்சும் கல்லு இருக்கா, பாருங்க" என்றார் பாய்.

தனம் என் சட்டையை இழுத்தாள். "ஏங்க, நம்ம நிலத்துல கல்லு மட்டுமில்ல, புத்தும் இருக்கு. ஒரு தடவை இறங்கி நடந்து பாத்துட்டு வாங்குவோமே?"

"எனக்குத் தெரியாதா?" என்றேன். பல் மிஷினே வண்டியேறியது.

ஊரே வேடிக்கை பார்க்க நான் ஓட்டிய தூரம் சுமார் அரை பர்லாங். பிறகு 'கடகட' என்றொரு சத்தம். பற்கள் பறந்தன. புல்லுக்குள் மறைந்திருந்த புற்றில், தனம் சொன்ன, வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் பால் ஊற்றும் அதே புற்றில், மோதி நின்றேன். அதற்குச் சாத்தியிருந்த மஞ்சள் சேலை என் மிஷினைச் சுற்றிக்கொண்டது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானோ பாம்புக்குப் பயந்து டிராக்டர் சீட்டின் மேல் ஏறி நின்றுவிட்டேன்.

தனம் வெறுங்காலோடு புல்லுக்குள் நடந்து வந்தாள். முதலில் இன்ஜினை அணைத்தாள். பிறகு பால் வாங்கிவரச் சொல்லிப் புற்றில் ஊற்றி, "தாயே, இவரு ஊருக்குப் புதுசு, மன்னிச்சுடு" என்று என் சார்பில் கும்பிட்டாள். (நான் இன்னும் சீட்டின் மேல்தான்.)

மறுநாள் காலை என் கல்யாண வேட்டியைக் கிழித்துக் குச்சிகளில் கட்டினாள். ஐந்து ஏக்கரையும் அடி அடியாக நடந்து, கல் இருந்த இடத்திலெல்லாம் ஒரு கொடி நட்டாள். புற்றைச் சுற்றி மட்டும் ஏழெட்டு. அந்தப் பொறுமையைப் பார்த்து அசந்துபோனேன். எனக்கு வராத படிப்பு அது.

உடைந்த மிஷினோடு திரும்பிப் போனபோது பாய் திட்டவில்லை. "படத்துல இருந்த துரை நம்ம ஊருக்கு வரலியா தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அண்டா மிஷினைத் தனத்திடம் காட்டி விளக்கினார். என்னிடம் இல்லை.

ஆடி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது நிலம் சுத்தமாகிவிட்டது. அண்டா மிஷினை மாட்டி, அவள் நட்ட கொடிகளை விலக்கியே ஓட்டினேன். ஒரு கத்திகூட உடையவில்லை. மாடுகளும் வந்தன, எங்களை வாழவைத்தன.

இன்றும் எங்கள் வீட்டில் யார் எதை ஆரம்பித்தாலும், "கொடி நட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். போன மாதம் பேரன் பெண் பார்க்கக் கிளம்பியபோதும் கேட்டார்கள். நான் சும்மா இருக்காமல், "உங்க பாட்டி ஒரே ஒரு தடவைதான் கொடி நடாம இறங்கினா. என்னைக் கட்டிக்கிட்டப்போ" என்றேன்.

தனம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரு சொன்னா? இவரு எங்கயாச்சும் போயி முட்டிக்குவாருன்னு பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன்."