எங்கள் வேன் சோதனையில் தேறும் விதம் பற்றிச் சம்பந்திக்கு

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கும், சம்பந்தியம்மா அவர்களுக்கும் வணக்கம். இங்கே அனைவரும் சுகம். என் வலது முழங்காலைத் தவிர்த்துப் பார்த்தால் நானும் சுகம். தங்கள் தோட்டத்து நாற்றுகள் மழைக்குத் தப்பித்தன என்று மகள் சொன்னாள். மகிழ்ச்சி.

எங்கள் வேன் வருடா வருடம் தகுதிச் சோதனையில் ஒழுங்காகத் தேறுகிறதா என்று தாங்கள் மகளிடம் கேட்டதாக அறிந்தேன். இந்த வகை வேன்களில் நூற்றுக்கு அறுபத்தெட்டு முதல் தடவையிலேயே தேறுவதாகத் தாங்கள் கணினியில் கண்டதையும் சொன்னாள். தாங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நான் கண்ணாடிக் கடையை மூடிவிட்டேன். வேன் வாசலில் சும்மா நிற்கிறது. தங்களுக்கோ செடி கொண்டுபோக வண்டி வேண்டும். வாய்விட்டுக் கேட்கத் தங்களுக்குக் கூச்சம். கூச்சப்படத் தேவையில்லை. வண்டி தங்களுக்குத்தான். ஆனால் கொடுக்கிற பொருளின் குணத்தை மறைத்துக் கொடுப்பது சம்பந்திக்கு அழகல்ல என்பதால், உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

வண்டி வாங்கி ஒன்பது வருடம். முதல் இரண்டு வருடம் சோதனை கிடையாது; அதன் பிறகு இதுவரை ஏழு சோதனை. முதல் மூன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை; போனோம், தேறினோம், வந்தோம். ஏழு முறையும் ஒரே பரிசோதகர்தான். உயரமான மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. அவருக்கு நான் 'கண்ணாடிக்காரர்', எனக்கு அவர் 'சார்'. இந்த அளவில் எங்கள் உறவு நன்றாகவே இருந்தது.

நான்காவது சோதனையில் ஹாரன் அடிக்கவில்லை. பரிசோதகர் மூன்று முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "உங்க வண்டி ரொம்ப மரியாதையான வண்டி. ஆனா சட்டத்துல மரியாதைக்கு இடம் இல்ல" என்று சொல்லி ஃபெயில் போட்டார். சோதனை மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எந்தக் கோளாறு சொன்னாலும் "ஒரு அரைத்திருகு திருகினா சரியாயிடும்" என்பார், அதனால் ஊரில் அவருக்கு அரைத்திருகு என்றே பெயர். அவர் குனிந்து திருகினார். ஹாரன் அடித்தது. சந்தோஷமாகக் கிளம்பி முதல் திருப்பத்தில் இடது பக்கம் திரும்பினேன், தானாகவும் அடித்தது. நேராக்கினால் நின்றது. வலது பக்கம் திருப்பினால் சத்தமே இல்லை. இடது என்றால் மட்டும் அலறல். எங்கள் வீட்டுக்குப் போகிற வழியில் இடது பக்கத் திருப்பம் நான்கு, அதில் ஒன்று நூலகத்தை ஒட்டி, இன்னொன்று பிரசவ ஆஸ்பத்திரியை ஒட்டி. ஓர் இடதுக்குப் பதிலாக மூன்று வலது எடுத்தால் அதே தெருவுக்கு வந்துவிடலாம் என்று என் மனைவி கண்டுபிடித்தாள். அப்படியே பன்னிரண்டு வலது எடுத்து, ஒரே பெட்ரோல் பங்க்கை இரண்டு தடவை கடந்து, பங்க் ஆள் எங்களைப் பார்த்துக் கையாட்ட ஆரம்பித்த பிறகு வீடு சேர்ந்தோம். மறுசோதனைக்கு அப்படியே எடுத்துப் போனேன். சோதனை நடக்கும் மைதானத்தில் எல்லாத் திருப்பமும் வலது பக்கம். தேறிவிட்டது. பிறகுதான் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைப் பிடித்துச் சரி செய்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாவது சோதனையில் முதல் தடவையிலேயே பாஸ். பரிசோதகர் "சுத்தமா வெச்சிருக்கீங்க" என்றுகூடச் சொன்னார். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. சான்றிதழை மனைவி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தது, கிளம்பினோம். கொஞ்ச தூரம் போனதும் காற்று பலமாக வருகிறதே என்று நினைத்துக்கொண்டேன், மழை வரும் போல என்றுகூட மனைவியிடம் சொன்னேன். ஒரு சைக்கிள்காரர் மூச்சு வாங்க மிதித்து வந்து ஜன்னலைத் தட்டினார். "சார், நீங்க வந்துட்டீங்க. உங்க கதவு இன்னும் சிக்னல்லயே நிக்குது." பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு அது. திரும்பிப் போய்ப் பார்த்தால், போக்குவரத்துக் காவலர் அதை நிமிர்த்தித் தூணில் சாய்த்து வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "கதவுக்குச் சொந்தக்காரர் நீங்கதானா? அத்தாட்சி இருக்கா?" என்று கேட்டார். சான்றிதழைக் காட்டினேன். அதில் அன்றைய தேதியைப் பார்த்துவிட்டு அவர் வானத்தைப் பார்த்தார். மனைவிதான் சொன்னாள்: "பாஸான சந்தோஷம் அதுக்கே தாங்கல போலிருக்கு."

ஆறாவது சோதனையிலும் முதல் தடவையிலேயே பாஸ். சரிவில் நிறுத்திக் கை பிரேக்கை இழுத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அதில் எங்கள் வண்டி மலை மாதிரி நின்றது. பரிசோதகர் பின்னால் போய்க் கையால் தள்ளிப் பார்த்தார், உதவியாளரையும் தள்ளச் சொன்னார். அசையவில்லை. திருப்தியாக எழுதிக் கொடுத்துவிட்டார். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்களே தவிர, விடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒன்றரை மணி நேரம் அந்தச் சரிவிலேயே இருந்தோம். பின்னால் பதினேழு வண்டி. ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "ஃபெயிலான வண்டியெல்லாம் போயிடுச்சு, பாஸான வண்டி இங்கேயே நிக்குது, இது எந்த ஊர் நியாயம்?" என்றார். கேள்வி நியாயமானது என்று ஒப்புக்கொண்டேன்.

இனி இந்த வருடம். இதைச் சற்று நிதானமாக எழுத வேண்டும்.

போவதற்கு முந்தின நாள் மகள் ஃபோன் செய்தாள். "அப்பா, பாஸா ஃபெயிலான்னு மட்டும் சொல்லுங்க, கதையெல்லாம் வேண்டாம். மாமா கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு வெச்சிருக்கார், ஒரு டிக் போடற இடம்தான் இருக்கு" என்றாள். எனக்கும் இந்த முறை சுத்தமாகத் தேறிவிட வேண்டும் என்றிருந்தது. மகளைக் கொடுத்த வீட்டுக்கு வண்டி கொடுக்கும்போது, அந்தக் கட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு விழுவதை எந்தத் தகப்பன் விரும்புவான்? அதற்கு முன் இரண்டு வாரமாகவே குனிந்து நிமிர்ந்து துடைத்திருந்தேன். முழங்கால் போனது அப்போதுதான்.

விளக்கு பாஸ், ஹாரன் பாஸ், கதவு பாஸ், கை பிரேக் பிடித்தது, விடவும் செய்தது. பிரேக் சோதனை இயந்திரத்தின் உருளைகள் மேல் ஏற்றி இறக்கினார்கள், அதுவும் பாஸ். பரிசோதகர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். கழற்றியவர், பேச்சுக்குக் கேட்பதுபோல, "என்ன கண்ணாடிக்காரரே, கடையை மூடிட்டீங்களாமே. இனிமே வண்டி யாருக்கு?" என்றார்.

"சம்பந்தி வீட்டுக்கு சார். செடி வியாபாரம் பண்றாங்க."

"யாரு ஓட்டுவாங்க?"

"என் பொண்ணுதான். இனிமே கடை கடையா அவதான் கொண்டு போய்க் குடுப்பா."

அவர் பேனாவை மூடினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் இருந்த சோதனைக் குழிக்குள் இறங்கிவிட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. டொக் டொக்கென்று தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "கண்ணாடிக்காரரே, கொஞ்சம் கீழ வாங்க" என்றார். ஏழு படி. ஒவ்வொரு படிக்கும் முழங்கால் தன் கருத்தைச் சொன்னது. பின்சக்கரங்களுக்கு நடுவில், சேறு காய்ந்து அப்பிக் கிடந்த ஓர் இடத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். உள்ளே பிரேக் எண்ணெய் போகிற குழாய். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஈரம்.

"இன்னிக்கு அழுத்தினா நிக்கும். மெஷினும் பாஸ்னுதான் சொல்லுது. எத்தனை நாளைக்கு நிக்கும்னு மெஷினுக்குத் தெரியாது" என்றார். டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு அவரே, "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. ஸ்கூட்டர் ஓட்டறா" என்றார். ஏழு வருடத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான். "என்ன எழுதட்டும்?"

சம்பந்தி, அந்த நேரத்தில் தங்கள் கட்டம் என் கண் முன்னால் வந்தது உண்மை. அதற்குப் பின்னாலேயே, சோதனைக்கு முந்தின வாரம் இந்த வண்டியில் பாலத்துச் சரிவில் இறங்கியதும் வந்தது. முன்னால் ஒரு குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு யாரோ குறுக்கே போனார்கள், பிரேக்கை அழுத்தினேன், நின்றது. நின்றதை நான் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.  என் மகள் அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன், அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

"ஃபெயில்னு எழுதுங்க சார்" என்றேன்.

மேலே இருந்து என் மனைவி, "என்னங்க, பாஸா?" என்று கேட்டாள்.

"ஃபெயில்!" என்றேன்.

"அதுக்கு எதுக்கு இவ்வளவு சந்தோஷமா கத்தறீங்க?" என்றாள்.

குழாய் முழுவதையும் புதிதாக மாற்றியாயிற்று. அரைத்திருகிடம் கொடுக்கவில்லை. பத்தாம் நாள் மறுசோதனை, பரிசோதகர் மறுபடியும் குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்தினார். ஆக, ஏழில் ஐந்து முதல் தடவையிலேயே தேறியது. நூற்றுக்கு எழுபத்தொன்று சொச்சம். தங்கள் கணினி சொன்னதைவிட மூன்று கூடுதல். ஆனால் தாங்கள் கட்டத்தில் எதை எழுதினாலும், தேறிய ஐந்தைவிடத் தேறாத கடைசி ஒன்றைத்தான் நான் நம்புகிறேன் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஞாயிறு வண்டியை நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பு. தங்கள் குடும்பமும் நாற்றுகளும் தழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் ஃபோன் செய்தாள். தாங்கள் எங்கள் வண்டியைக் கேட்கவே இல்லையாம். இதே வகையில், இதே வயதில் ஒரு பழைய வேனைப் போன மாதமே வாங்கிவிட்டீர்களாம். அது அடுத்த சோதனையில் தேறுமா என்று அனுமானிக்கத்தான் எங்கள் கதையைக் கேட்டீர்களாம். ஒரு மாதமாக அதை ஓட்டுவது அவள்தானாம். "போன சோதனைல பாஸ்ப்பா, ஒண்ணும் பயமில்ல" என்கிறாள். அடியில் யாராவது சுரண்டிப் பார்த்தார்களா என்று கேட்டேன், சிரிக்கிறாள். நான் வரும்வரை சாவியைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். தாங்களும் சொல்லவும். ஞாயிறுவரை பொறுக்க முடியாது, இப்போதே கிளம்புகிறோம். பரிசோதகருக்கு இன்று விடுமுறை, விஷயத்தைச் சொன்னதும் டார்ச்சோடு அவரும் வருகிறார். கடிதம் தங்கள் கைக்கு வர இரண்டு நாள் ஆகும், நாங்கள் ஆறு மணி நேரத்தில் வந்துவிடுவோம், ஆகையால் மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வேனில் வருவதால் எது முந்தும் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. கடிதம் முந்திவிட்டால், தயவுசெய்து எங்களைத் தேடி ஆள் அனுப்பவும்.