நண்பகல் விளக்குச் சோதனை

விளக்கைக் கண்டுபிடித்தவர்கள் உலகில் பலர். விளக்கை நம்பாமல் இருக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் பழவேற்காடு விளக்குத் தகுதி அலுவலகத்தின் பொறுப்பாளர், வேதாசலம் சார்.

எழுபத்தெட்டில் மீனவர்களுக்கு பெட்ரோமாக்ஸ் விளக்கு வழங்கும் திட்டம் வந்தது. சார் 'தகுதி முத்திரை' குத்தாத விளக்கு எங்கள் பீரோவைத் தாண்டாது. நான் பி.எஸ்ஸி. இயற்பியல். ஆகவே பம்பு அடிப்பது என் பொறுப்பு.

ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பசியாவரத்திலிருந்து சிங்காரமும் அவர் மனைவி திரௌபதியும் விளக்கு வாங்கப் படகில் வந்தார்கள். ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டலாம் என்பதற்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். சிங்காரத்தின் பாடு அமாவாசை அன்று. வெளிச்சம் காட்டினால்தான் இறால் கூடும். விளக்கு இல்லையென்றால் பாடு அடுத்தவருக்குப் போய்விடும். திரும்பி வர ஒரு வருஷம் ஆகும்.

நிலைமையின் தீவிரத்தை சார் உணர்ந்தார். உடனே சோதனைக்கு உத்தரவிட்டார். நேரம் நண்பகல். இடம் ஏரிக்கரை மணல்.

நான் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினேன். குழாய் சூடானதும் காற்றுத் திருகை மூடிப் பம்பு அடித்தேன். திரிக்குப் பதிலாகத் தொங்கும் மேண்டில் வலை 'புஸ்'ஸென்று வெள்ளையாக எரிந்தது. சார் கரையை நாலு பக்கமும் பார்த்தார். ஏற்றுவதற்கு முன் எவ்வளவு வெளிச்சமோ, ஏற்றிய பின்னும் அவ்வளவே. விளக்கால் 'கூடுதல் வெளிச்சம் ஏதும் இல்லை' என்று அறிவித்தார்.

"இது ராவுல கொளுத்துற லைட்டு சார்" என்றார் சிங்காரம்.

"ராத்திரியில ஆபீஸ் கிடையாதேப்பா."

"அப்போ சூரியன அணைச்சிட்டுப் பாரு சார்" என்றார் திரௌபதி.

சார் சிரிக்கவில்லை. அது தம் அதிகார வரம்புக்குள் வராது என்றும், மேலிடத்துக்கு எழுதுவதாகவும் உறுதியளித்தார்.

திரௌபதி மேலிடத்துக்குக் காத்திருக்கவில்லை. படகிலிருந்து பாயை அவிழ்த்து வந்து, சாரையும் விளக்கையும் ஒன்றாகப் போர்த்தினார். வெளிச்சம் தெரிகிறதா என்று வெளியிலிருந்து கேட்டார். வேர்க்கிறது என்று உள்ளிருந்து பதில் வந்தது.

வெளியே வந்த சார் பார்த்த இடமெல்லாம் ஒரு கறுப்பு வட்டம் மிதந்தது. எரியும் மேண்டிலைக் கிட்டே வைத்து உற்றுப் பார்த்தால் எவருக்கும் அப்படித்தான். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சார் தம் ஆராய்ச்சியை முடித்துவிட்டார்.

"இது இருட்டை உண்டாக்குற விளக்கு. ஏரியில விட்டா ஆபத்து."

அமாவாசை வந்தது. சிங்காரத்தின் விளக்கு பீரோவில் பத்திரமாக இருந்தது. அவருடைய பாடு, வரிசையில் அடுத்தவரான வடிவேலுவுக்குப் போனது. வடிவேலுவின் விளக்கு முந்தின நாளே முத்திரை பெற்றிருந்தது. அந்தச் சோதனை சார் வீட்டில், பொழுது சாய்ந்த பிறகு நடந்தது. பம்பு அடிக்க நானும் போயிருந்தேன். வடிவேலு கொண்டுவந்த கூடை இறாலைச் சாரின் மனைவி லோகாம்பாள் சமையலறையில் உரித்துக்கொண்டிருந்தார். கண் தெரியவில்லை என்றார். விளக்கை ஏற்றினோம். ஒவ்வொரு இறாலும் மீசையோடு தெரிந்தது. சார் முத்திரை குத்தினார்.

மறுநாள் திரௌபதி என்னிடம் வந்தார். "ஏம்மா, அவுரு ஊட்ல மட்டும் அந்த லைட்டு எப்டிம்மா பாஸாச்சு?"

விளக்குகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று விளக்கினேன். சோதனைக்கு நல்ல இருட்டு தேவை. அது எங்கள் அதிகாரிகளின் வீட்டில்தான் தாராளமாகக் கிடைக்கிறது.