மரியாதைக்குரிய கொள்ளை

வங்கிக் கொள்ளையர்களில் சிலர் அகப்படுவதும் சிலர் தப்பிப்பதும் ஏன் என்று மேலைநாட்டு அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். விடை கண்ட பெருமை கோபிசெட்டிபாளையத்துக் கிளை மேலாளர் சென்னகேசவனையே சேரும். விடை: மரியாதை.

மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அதற்குள் வங்கியில் ஏதாவது காணாமல் போனால் ஓய்வூதியம் அந்தரத்தில் தொங்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஆதர்ஷ் என்ற வாலிபன் ஹெல்மெட்டும் அரிவாளுமாக வந்து, காசாளர் பங்காரம்மாவின் முன் நின்றான்.

"ஏனுங்கம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. பணத்த இந்தப் பையில போட்டுருங்க."

"போடறேன் கண்ணு. வெயில்ல வந்திருக்கறே, மொதல்ல தண்ணி குடி."

கொடுத்த தண்ணீரை மறுப்பது மரியாதையா? ஹெல்மெட்டைக் கழற்றி, கேமராவுக்கு நேராக அண்ணாந்து குடித்துவிட்டு, "வாரேனுங்க" என்று பையுடன் கிளம்பினான். மாலையில் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பணத்தோடு பிடிபட்டான்.

"நம்ம பண்பாடு காப்பாத்திப்போட்டுதுங்க" என்று சென்னகேசவன் கண் கலங்கினார். மறுநாள் காலை கிளையிலேயே அவருக்குப் பாராட்டு விழா. பொன்னாடை போர்த்தியவர், வங்கியின் 'மதிப்புமிகு வாடிக்கையாளர்' ஆன ஒரு மில் அதிபர்.

மதியம் தணிக்கையாளர்கள் அந்தியூரிலிருந்து போன் செய்தார்கள். 'நவீனமயமாக்கல்' என்று அதிபர் கோடிக்கணக்கில் கடன் வாங்கிய மில் அங்கே இல்லை. ஒரு எருமை மேய்ந்துகொண்டிருந்தது.

போனை வைத்த சென்னகேசவன், தோளில் பொன்னாடை இருப்பதையும் மறந்து ஸ்டேஷனுக்கு ஓடினார்.

"கடன் பேசினது உங்க ரூம் கேமராவுல இருக்குமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பெரியவங்க வந்தா அதும்மேல துண்டப் போட்டுருவேனுங்க. அவங்களப் போயிப் படம் புடிக்கிறது மரியாதையில்லீங்க."

"மில்லையாச்சும் போயிப் பாத்தீங்களா?"

"பாத்தா நம்பலைன்னு ஆயிருமுங்களே."

"யாருங்க அந்தப் பெரியவர்?"

சென்னகேசவன் பெயரைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் சட்டென்று எழுந்து நின்றார். சுவரில் இருந்த ஸ்டேஷன் கேமராவை ஒருமுறை பார்த்தார்.

"அந்தப் பொன்னாடையச் சித்தெ குடுங்க."

வாங்கி, கேமராவுக்குப் பாந்தமாகப் போர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லுங்க சார். கடனுக்குக் கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களே?"

லாக்கப்பில் இருந்த ஆதர்ஷ் எழுந்தான். சுவரோரம் நகர்ந்து இடம் விட்டான்.

"வாங்க சார். இப்படி உக்காருங்க."