இன்குபேட்டருக்கு ஒரு நாள் லீவு

“…லேத்து மிசினுக்கு லீவு உடலாமுங்கண்ணா, வேண்டாங்கல. இதுக்குள்ளார உசுரு இருக்குதுங்களே” என்று எங்கள் ஆராய்ச்சியாளர் சுகந்தி மேடம் சொல்லி முடித்தபோது, என் ஒரு கையில் பொரிப் பொட்டலமும் இன்னொரு கையில் சந்தனக் கிண்ணமும் இருந்தன. ஆயுத பூசை நாள், சாயங்காலம் நாலு மணி.

கேட்காமலே நல்லது செய்யும் வியாதி எனக்கு உண்டு. (இதற்கு இன்னும் மருந்து வரவில்லை.) கோயமுத்தூர் கணபதியில் பதினேழு வருசம் லேத்துப் பட்டறையில் கிடந்துவிட்டு, ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. “மாடும் மிசினும் ஒண்ணுங்க. வருசத்துல ஒரு நா படுக்க உடோணும்” என்பார் எங்கள் பட்டறைக்காரர். அந்த வேதவாக்கோடு காலையில் வந்து, ஒவ்வொரு கருவியாக அணைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். (ஃபிரிட்ஜை மட்டும் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டிலும் அதற்கு லீவு கிடையாது.) மூலையிலிருந்த இன்குபேட்டர், சுவிட்சை அணைத்ததும் கீங் கீங் என்று கத்தியது. ஓய்வெடுத்துப் பழக்கமில்லை போல, பாவம் என்று அதன் யு.பி.எஸ்ஸையும் அணைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். அடங்கிவிட்டது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

உள்ளே இருந்தவை ஆர்கனாய்டுகள். தாராபுரத்து அம்மா ஒருவரின் குடலில் எடுத்த கட்டியிலிருந்து மிளகளவு துணுக்கு வாங்கி, செல்களைப் பிரித்து, ஜெல்லியில் பதித்து, உடம்புச் சூட்டிலேயே வைத்து மேடம் மூன்று வாரமாக வளர்த்த குட்டிக் கட்டிகள். எந்த மருந்துக்கு அந்த அம்மாவின் நோய் அடங்கும் என்று, அவர் உடம்பைப் படுத்தாமல் முதலில் இவற்றின்மேல் போட்டுப் பார்க்கலாம். அந்தச் சோதனை அதே வாரத்தில் இருந்தது. துணுக்கில் மிச்சம் இல்லை. இவை செத்தால் செத்ததுதான்.

மேடம் தட்டுகளை வெளியே எடுத்தார். ஆரஞ்சாக இருக்க வேண்டிய தீனித் திரவம் ரோசா நிறத்தில் இருந்தது.

“குங்குமம் உழுந்திருச்சுங்களா மேடம்?”

“இல்லீங்கண்ணா. உள்ளார போற கார்பன் டை ஆக்சைடு கேஸ் நின்னா நெறம் இப்படித்தான் மாறும்.”

திட்டுவார் என்று நின்றேன். (‘ங்க’ போட்டே ஒருவனைக் குழியில் இறக்கும் ஊர் எங்களுடையது.) அவர் திட்டவில்லை. இன்குபேட்டரைப் போட்டுவிட்டு, உட்கார்ந்து தட்டுகளில் இருந்த ஒவ்வொரு சின்னக் குழியாகப் பழைய திரவத்தை உறிஞ்சி, புதுசு விட்டார். குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிறவளுக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது. “ரெண்டு மூணு நா போனாத்தானுங்க தெரியும்” என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்காமல் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். விஷயத்தைக் கேட்ட என் மனைவி, “ஊரே கேன்சர் சாவோணும்னு கும்புடுது. பொழைக்கோணும்னு கும்புடற மொத ஆளு நீங்கதானுங்க” என்றாள். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்களிடம் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறாள்.

மூன்றாம் நாள் காலை மேடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. நான் வாசலிலேயே நின்றேன்.

“அங்கயே நின்னா எப்படிங்கண்ணா, வந்து பாருங்க.”

பார்த்தேன். வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள். சிலது கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. மற்றவற்றின் ஓரத்தில் சின்னச் சின்ன மொட்டுகள்.

“ஒரு தட்டு போயிருச்சுங்க. மத்ததெல்லாம் முளை உடுது. சோதனைக்கு இது போதுமுங்க.”

ராஜினாமாக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். மேடம் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஓரமாக வைத்துவிட்டு, கையுறைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

“தீனி போடற நேரமுங்கண்ணா. மூடியப் புடிச்சுக்குங்க.”