ஒயார்சூன் சுவர்

"ஆகஸ்ட் 12, செவ்வாய். கட்டத்தின் விளிம்புகளில் பஞ்சுப் பட்டை போட மறந்துவிட்டேன். சின்னத் தவறு."

நாட்குறிப்பில் இப்படி எழுதிய கையோடு 'சின்ன' என்பதை அடித்தாள் யாஸ்னா. சின்னத் தவறுக்கெல்லாம் தொலைக்காட்சிக்காரர்கள் வியாழக்கிழமை வருகிறோம் என்று சொல்லியனுப்புவதில்லை.

பகலில் அவள் தால்கா நகரத்து இரும்புக்கடையில் ஆணி நிறுத்துப் போடுகிறவள். மாலையில் கல்லூரி. நிலநடுக்க அலை போகும்போது பாறை எப்படி நெளிந்து நிமிர்கிறது என்று கணினியில் போட்டுப் பார்க்கும் படிப்பு. முடிவில் பேராசிரியர் எவரிஸ்தோ ஒயார்சூன் கையெழுத்துப் போட்டால் சாந்தியாகோவில் வேலை. போடாவிட்டால் ஆணி.

அவள் எடுத்துக்கொண்டது நிறமாலை முறை. அலையை நூற்றுக்கணக்கான நெளிவுகளாகப் பிரித்து, கணக்குப் போட்டு, திரும்பக் கூட்டுவது. வேகம் உண்டு, துல்லியம் உண்டு, கெட்ட பழக்கமும் ஒன்று உண்டு. கணினியில் ஊரை அடக்கி வரைந்த கட்டத்தின் கிழக்கு விளிம்பில் வெளியேறும் அலை, மேற்கு விளிம்பு வழியாக உள்ளே வந்துவிடும். வாசலில் வழியனுப்பிய விருந்தாளி கொல்லைப்புறமாக வந்து மறுபடியும் பந்தியில் உட்காருவதைப் போல. அதைத் தடுக்கத்தான் விளிம்பில் அலையை உறிஞ்சும் பட்டை. மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் பஞ்சு.

பஞ்சு இல்லாததால் அவள் கணக்கில் தால்கா இரண்டு முறை குலுங்கியது. பேராசிரியரின் நிலநடுக்கப் பதிவுக் கருவியும் அதே இடைவெளியில் இரண்டு குலுக்கலைக் காட்டியது. விடியற்காலை அதிர்வு ஒவ்வொன்றிலும் அப்படித்தான். ஒரே ஒரு பகல் அதிர்வில் இரண்டாவது குலுக்கல் இல்லை. அதை அவர் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டார். ஆண்டிஸ் மலைக்கு அடியில் அலையைத் திருப்பி அடிக்கும் பாறைச் சுவர் இருப்பதாக அறிவித்து, அதற்குத் தன் பெயரையே சூட்டியும் விட்டார்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. பஞ்சு போட மறந்துட்டேன். போட்டுப் பார்த்தா ரெண்டாவது குலுக்கலைக் காணோம்."

"அப்ப பஞ்சுலதான் தப்பு."

"இல்ல சார், அந்த அலை எதிலயும் மோதித் திரும்பல. இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கமா..."

"உன் கணக்கு தப்புன்னே வெச்சுக்குவோம். என் கருவி பொய் சொல்லுமாம்மா?"

யாஸ்னா தன் கணக்குத் தாளை மறுபடி புரட்டிப் பார்த்தாள். தன் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்றே இரண்டு முறை பார்க்கிறவள் அவள்.

"பஞ்சைக் கொஞ்சமாப் போடு," என்றார் பேராசிரியர். "எனக்கும் நோகாம, உனக்கும் நோகாம."

மறுநாள் பட்டையை மெலிதாக்கினாள். அலையில் பாதி பட்டையில் மோதித் திரும்பியது, பாதி ஊடுருவி மறுபக்கமாக வந்தது. தால்கா மூன்று முறை குலுங்கியது.

"ரெண்டாவது சுவர்!" பேராசிரியர் துள்ளினார். "இதுக்கு நெல்டான்னு பேர் வைப்போம். ரொம்ப நாளா வீட்டுல மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருக்கா."

பயந்துபோய்ப் பட்டையைத் தடிமனாக்கினாள். அது நடு ஊர்வரை பரவி நிலநடுக்கத்தையே விழுங்கிவிட்டது. தால்காவில் கோப்பைத் தேநீர்கூட ஆடவில்லை.

"அதை அழிச்சிடாத," என்றார் பேராசிரியர். "மேயர் கேப்பாரு. மனை விக்கணும்ல."

வியாழன் மாலை பேராசிரியர் வீட்டுக் கூடத்தில் கேமரா நின்றது. கல்லூரியில் இடமில்லை என்று கருவியை அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார்கள். அவர் மனைவி நெல்டா ரொட்டியும் மசித்த வெண்ணெய்ப்பழமும் கொண்டுவந்தாள்.

"மக்களுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?" என்றார் நிருபர்.

"பூமி ஆடினா ஓடக் கூடாது." பேராசிரியர் தொப்பைமேல் கையைக் கட்டிக்கொண்டார். "நான் படுக்கைய விட்டு அசையறதே இல்ல. சுவரைப் பத்தி என் மாணவி சொல்லுவா."

யாஸ்னாவின் மடியில் கணக்கின் இரண்டு படங்கள்: பஞ்சு போடாதது ஒன்று, போட்டது ஒன்று. தப்பான படத்தில் சாந்தியாகோ தெரிந்தது. சரியான படத்தில் ஆணி தெரிந்தது. சரியானதையே கேமராவுக்குக் காட்டினாள்.

"சுவரெல்லாம் இல்லைங்க. தப்பு என்னோடது. பஞ்சு போட்டா ஒரே குலுக்கல்தான்."

பேராசிரியரின் முகம் தக்காளியானது. "அப்படின்னா என் கருவிய ரெண்டாவது தடவை குலுக்கினது யாரு? பேயா?"

நெல்டா தட்டை நங்கென்று வைத்தாள்.

"நீதான்யா கிழவா! ஒவ்வொரு தடவையும் என்னைக் கட்டில்ல அம்போன்னு விட்டுட்டு ஓடி, கடைசி நாலு படியை ஒரே தாவாத் தாவி, அந்தக் கருவி தலைமேலதானே வந்து குதிக்கிற!"

அன்றிரவு யாஸ்னா எழுதினாள்:

"நாளைய வேலை: பஞ்சு போட்ட கணக்கில் கையெழுத்து வாங்குவது. கருவியைத் தோட்டத்துக்கு மாற்றுவது."